முப்பது ரூபாயில் நிறைவான மதிய டிபன் பாக்ஸ்: ஊறப்போடுவது முதல் மூடி போடுவது வரை

அறை எடுத்துத் தங்கி வேலைக்குச் செல்பவர்கள் பலர் மதிய உணவைத் தாங்களே கட்டிக்கொண்டு போக ஆசையாகத் தொடங்கி, இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கோவையில் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்த இளைஞர்கள் சிலருக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தபோது, அவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். சமையல் வராததால் அவர்கள் விடவில்லை. காலையில் எழுந்த பிறகு "இன்று என்ன செய்வது" என்று யோசிக்கத் தொடங்கியதால்தான் விட்டார்கள்.

ஆறு மணிக்கு எழுந்தவருக்கு ஊறாத கடலையை வேகவைக்க நேரமிருக்காது. எனவே எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் மிஞ்சும். அதைச் சாப்பிட்டால் நான்கு மணிக்கே பசிக்கும். வீட்டில் மிச்சம் பிடித்த காசு டீக்கடையில் வடையாகவும் பஜ்ஜியாகவும் கரைந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அடுப்பு பற்றவைப்பதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒரு மாதம் செய்துபாருங்கள்.

1. முதலில் அளவை முடிவு செய்யுங்கள்

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் அரிசி, 50 கிராம் பயறு அல்லது பருப்பு, 150 கிராம் காய், ஒரு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலுழைப்பு மிகுந்த வேலையில் இருப்பவர்கள் அரிசியை 100 கிராமாக உயர்த்தலாம். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்குக் காரணம் உண்டு. பயறு வகைகளில் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது. அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான். மேற்சொன்ன தட்டில் அரிசியிலிருந்து ஏறத்தாழ 6, பயறிலிருந்து 10, முட்டையிலிருந்து 6 என 22 கிராம் புரதம் கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் தேவை. அதில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு வேளையிலேயே வந்துவிடுகிறது. புரதமும் நார்ச்சத்தும் செரிமானத்தை மெதுவாக்குவதால்தான் மாலை வரை வயிறு தாங்குகிறது. சோற்றை இரண்டு மடங்காக்கினால் அந்தப் பலன் வராது, மதியத் தூக்கம்தான் வரும்.

செலவுக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுவோம். அரிசி கிலோ 50 ரூபாய், பயறு கிலோ 120 ரூபாய், காய் கிலோ 40 ரூபாய், எண்ணெய் லிட்டர் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரிசிக்கு நான்கு ரூபாய், பயறுக்கு ஆறு, காய்க்கு ஆறு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்கு ஒன்றரை. வெங்காயம், தக்காளி, பொடிகள், எரிவாயு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு ரூபாய் என்றால் மொத்தம் 23 அல்லது 24 வரும். ஏழு ரூபாய் முட்டையைச் சேர்த்தாலும் 31 ரூபாயைத் தாண்டாது. உங்கள் ஊர் விலையை வைத்து இதே கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். எதை எடுத்தால் செலவு குறையும், எதை எடுத்தால் சத்து மட்டும் குறையும் என்பது தெரிந்துவிடும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

மூன்று லிட்டர் குக்கர், அதனுள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்படி இரண்டு கிண்ணங்கள், ஒரு இரும்பு வாணலி, ஒரு மத்து, ஒரு கத்தி, இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஆகியவை போதும். மிக்ஸி இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் இந்த வழிகாட்டியில் எதுவும் நின்றுவிடாது.

வாணலி இரும்பாக இருக்கட்டும் என்று சொல்வதற்கு அதன் விலையும் ஆயுளும் மட்டுமே காரணமல்ல. இரும்பு வாணலியில் சமைக்கும்போது உணவில் சிறிது இரும்புச்சத்தும் சேர்கிறது. ஆனால் புளி சேர்த்த குழம்பை அதிலேயே விட்டுவைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் குழம்பு கறுத்துப்போய், துரு வாடை ஏறிவிடும்.

அளப்பதற்குத் தராசு தேவையில்லை. அரை ஆழாக்கு (ஆழாக்கு என்பது அரிசி அளக்கும் சிறு குவளை) அரிசி ஏறத்தாழ 70 கிராம் இருக்கும். பயறுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: கால் கிலோ பொட்டலத்தை ஞாயிற்றுக்கிழமை பிரித்து, ஒரு செய்தித்தாளின் மேல் ஐந்து சம குவியல்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலும் 50 கிராம். ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கையே அளவு சொல்லும்.

3. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மளிகையை மாதத்துக்கு ஒருமுறையும் காய்களை வாரத்துக்கு இருமுறையும் வாங்குங்கள். மளிகையை அன்றாடம் சிறு பொட்டலங்களாக வாங்கினால் விலை கூடும். காய்களை வாரத்துக்கு மொத்தமாக வாங்கினால் குளிர்பெட்டி இல்லாத அறையில் பாதி வாடி, குப்பைக்குப் போகும்.

குடும்ப அட்டை ஊரில் இருந்தால் வீட்டாரிடம் தயங்காமல் கேளுங்கள். அரிசி அட்டைக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமலும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஐந்து கிலோ அரிசியைப் பையில் வைத்துக்கொண்டு வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

காய்க்கு உழவர் சந்தைக்குக் காலையிலேயே செல்லுங்கள். கோவையில் ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் நுழைவாயிலிலேயே அன்றைய விலையை எழுதிவைத்திருப்பார்கள். என்ன வாங்குவது என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு போகாமல், அந்தப் பலகையில் விலை குறைந்திருக்கும் மூன்று காய்களையும் ஒரு கீரையையும் வாங்குங்கள். வரத்து மிகுந்த காய்தான் விலை குறைந்திருக்கும். அதுவே பெரும்பாலும் புதிதாகவும் இருக்கும்.

பயறு வாங்கும்போது புதியவர்கள் செய்யும் தவறு, நன்றாக விற்பனையாகாத கடையில் வாங்குவது. ஓராண்டுக்கு மேல் கிடந்த கொண்டைக்கடலை எத்தனை விசில் விட்டாலும் உள்ளே கல்லாகவே இருக்கும். மங்கிய நிறமும், உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டும் மாவும் பழைய சரக்கின் அடையாளங்கள். கொள்ளு வாங்கினால் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிய பிறகே டப்பாவில் போடுங்கள். காலை அவசரத்தில் யாரும் பொறுக்கமாட்டார்கள்.

சிறுதானியம் நல்ல உணவுதான். ஆனால் அழகான பொட்டலத்தில் அடைத்து விற்பவை பல நேரங்களில் அரிசியைப் போல இரண்டு மடங்கு விலைக்கு வருகின்றன. வேகும் நேரமும் வேறு. முதல் மாதத்தில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பழக்கம் நிலைத்த பிறகு, சில்லறையாக விற்கும் கம்பிலிருந்து தொடங்கலாம்.

4. முதல் நாள் இரவு: ஊறப்போடுதல்

உண்மையில் சமையல் தொடங்கும் இடம் இதுதான். கருப்புக் கொண்டைக்கடலை, காய்ந்த மொச்சை, கொள்ளு ஆகியவற்றுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். தட்டைப்பயறுக்கு நான்கைந்து மணி நேரம் போதும். பச்சைப்பயறு ஊறாமலும் வெந்துவிடும். ஊறினால் எரிவாயு மிச்சம். துவரம் பருப்புக்கு அரை மணி நேரம் தாராளம்.

இரண்டு முறை கழுவி, பயறுக்கு மேல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். இதற்குக் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துவது நல்லது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் பயறின் தோல் இறுகி, வேக மறுக்கும். எவ்வளவு ஊறினாலும் கடலை வேகவில்லை என்று என்னிடம் குறைபட்ட ஒருவரின் சிக்கல், தண்ணீரை மாற்றிய அன்றே தீர்ந்தது.

கோடையில் மாலை ஆறு மணிக்கே ஊறப்போட்டால் காலையில் மேலே நுரை கட்டி, புளித்த வாடை வரும். பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஊறப்போடுங்கள். முன்னதாகப் போட நேர்ந்தால் படுக்கப் போகும்முன் தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள். குளிர்பெட்டி இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

காலையில் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லைக்குக் காரணமான சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஊறப்போட மறந்துவிட்டு, சமையல் சோடா சேர்த்து வேகவைக்கும் பழக்கம் வேண்டாம். கடலை குழையும், ஆனால் அதிலுள்ள பி1 வைட்டமின் அழிந்துவிடும்.

இரவே செய்துவைக்கக்கூடிய வேறு இரண்டு வேலைகளும் உண்டு: பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்து மூடிவைப்பது, டிபன் பாக்ஸ் ஈரமில்லாமல் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. காய் நறுக்குவதைக் காலைக்கே விட்டுவிடுங்கள். அதற்கு நேரம் எங்கே கிடைக்கிறது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

5. காலை: அடுப்பின் வரிசை

எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே குக்கரை ஏற்றிவிடுங்கள். அரிசி கழுவிப் போட ஐந்து நிமிடம்தான் ஆகும். குக்கர் விசில் வந்து, ஆவி தானாக அடங்குவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். நீளமான வேலையை முதலில் தொடங்கிவிட்டால் மற்ற எல்லா வேலையும் அதன் நிழலில் முடிந்துவிடும்.

அரிசியையும் பயறையும் ஒரே குக்கரில் வைக்கலாம். கீழே தண்ணீர், அதன்மேல் பயறுக் கிண்ணம், மேலே அரிசிக் கிண்ணம். புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று என்றும், பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு என்றும் தண்ணீர் வைத்து நான்கு விசில் விடுங்கள். பச்சைப்பயறும் ஊறிய தட்டைப்பயறும் அரிசியோடு சேர்ந்து சரியாக வெந்துவிடும்.

கொண்டைக்கடலைக்கும் கொள்ளுக்கும் இந்த வழி ஒத்துவராது. அவை வேகும்வரை விட்டால் சோறு கூழாகும். சோறு வெந்ததும் நிறுத்தினால் கடலை நறுக்கென்று கடிபடும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு இது. அந்த நாள்களில் கடலையை மட்டும் முதலில் ஐந்தாறு விசில் வேகவைத்து எடுத்து, அதே குக்கரில் அடுத்து அரிசியை வையுங்கள். இருபது நிமிடம் முன்னதாக எழ வேண்டியிருக்கும்.

புளியையோ தக்காளியையோ பயறு வேகும்போதே சேர்க்காதீர்கள். புளிப்பு படும்போது பயறின் தோல் மென்மையாவது நின்றுவிடுகிறது. முழுவதும் வெந்து, விரலிடையில் நசுங்கும் பதம் வந்த பிறகே புளிக்கரைசல் உள்ளே போக வேண்டும்.

குக்கர் விசில் வரும் நேரத்தில்தான் காயை நறுக்க வேண்டும். முதலில் கழுவி, பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் அலசினால் சத்து அதோடு கரைந்துபோகும். ஆவி அடங்குவதற்குள் பொரியல் வாணலியில் முடிந்திருக்கும். ஆவியை வலுக்கட்டாயமாகத் திறந்துவிடாதீர்கள்; அந்தப் பத்து நிமிடச் சூட்டில்தான் பயறின் நடுப்பகுதி வேகிறது.

6. ஐந்து நாள்களுக்கு ஐந்து உணவுகள்

முதல் வாரத்தில் இதே ஐந்தையும் செய்யுங்கள். அடுத்த வாரம் காயை மட்டும் மாற்றலாம்.

திங்கள் – அரிசியும் பருப்பும் சாதம். கொங்கு நாட்டு வீடுகளில் அவசர நாள்களுக்கென்றே உள்ள உணவு. வழக்கமாக நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு போடுவார்கள். நீங்கள் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு போடுங்கள், அதாவது அரை ஆழாக்கு அரிசிக்குக் கால் ஆழாக்கு பருப்பு. குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதக்கி, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, இரண்டரை ஆழாக்குத் தண்ணீர் கொதித்ததும் அரிசி பருப்பைச் சேர்த்து மூன்று விசில் விடுங்கள். இதில் தக்காளி முதலிலேயே சேரலாம். உடைத்த துவரம் பருப்புக்குத் தோல் இல்லாததால் கொஞ்சம் புளிப்பு தடுப்பதில்லை. வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் தொட்டுக்கொள்ளப் போதும்.

செவ்வாய் – பச்சைப்பயறு கடைசல், சோறு, முட்டைக்கோஸ் பொரியல். வெந்த பயறில் சீரகம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு ஒரு கொதி விட்டு, மத்தால் பாதியளவு மட்டும் கடையுங்கள். முழுவதும் கடைந்தால் மதியத்துக்குள் களிபோல இறுகிவிடும்.

புதன் – கொள்ளுப் பருப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலிவான பயறுகளில் ஒன்றான கொள்ளைப் பலர் வாசனை பிடிக்கவில்லை என்று ஒதுக்குகிறார்கள். அந்தப் பச்சை வாடை போவதற்கு, ஊறவைக்கும் முன் வெறும் வாணலியில் நான்கு நிமிடம் வறுக்க வேண்டும். கொள்ளு நிறம் மாறி, ஒன்றிரண்டு மணிகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கி, ஈர மண் வாசனை வறுத்த கடலை வாசனையாக மாறும் அந்த நொடியில் அடுப்பை நிறுத்துங்கள். காலையில் ஆறு விசில் வேகவைத்து, தண்ணீரைத் தனியே வடித்துக்கொள்ளுங்கள். மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றை வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து மிக்ஸியில் கரகரப்பாக ஒரு சுற்று விடுங்கள். மிக்ஸி இல்லையென்றால் மத்தால் மசியுங்கள். சூடான சோற்றில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கட்டலாம். வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். புளியும் மிளகும் சேர்த்தால் அன்றே ரசமாகிவிடும்.

வியாழன் – தட்டைப்பயறு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. புளி இருப்பதால் ஐந்து உணவுகளில் இதுவே வெயிலை ஓரளவு தாங்கும். வேர்க்கடலை ஒரு கைப்பிடி வறுத்து எடுத்துச் செல்லுங்கள்.

வெள்ளி – தயிர் சாதமும் கருப்புக் கொண்டைக்கடலை சுண்டலும். சோற்றில் ஆறிய பால் முக்கால் பங்கும் தயிர் கால் பங்கும் விட்டுப் பிசைந்தால் ஒரு மணிக்குப் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். முழுக்கத் தயிரை ஊற்றினால் புளித்துவிடும். புதியவர்கள் தயிர் சாதத்தை வெறுப்பதற்குக் காரணமே இதுதான். சுண்டலில் சாப்பிடும் நேரத்தில் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி துணை செய்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதே இரும்புச்சத்து சேர்வது தடைப்படுகிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றைத் துணை உணவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாவது எண்ணெயில் தோய்ந்த இன்னொரு சோறு. மற்ற இரண்டும் பெரும்பாலும் உப்பு.

7. பாக்ஸில் கட்டுதல்

கொதிக்கக் கொதிக்கச் சோற்றை அள்ளிப் போட்டு மூடினால், ஆவி மூடியில் படிந்து, துளித்துளியாகச் சோற்றின் மேலேயே சொட்டும். ஒரு மணிக்குத் திறக்கும்போது மேல்பகுதி பிசுபிசுத்திருப்பதும் லேசான வாடை வருவதும் இதனால்தான். சோற்றைத் தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஆவி நின்றதும் கட்டுங்கள். கட்டும்போது கரண்டியும் பாக்ஸும் ஈரமில்லாமல் இருக்கட்டும்.

அலுவலகத்தில் குளிர்பெட்டி இருந்தால் போனவுடன் அதில் வையுங்கள். சாப்பிடும்முன் நன்றாகச் சூடாக்குங்கள். குளிர்பெட்டி இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சூடு தாங்கும் பாக்ஸ் ஒன்று வாங்கிக்கொள்வது அவசியம் என்றே சொல்வேன்; அப்போது மட்டும் ஆறவிடாமல் கொதிக்கும் சூட்டிலேயே கட்ட வேண்டும். வெதுவெதுப்பான நிலையில் மணிக்கணக்கில் இருப்பதுதான் உணவுக்குக் கேடு. கோடையில் தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முட்டையை உரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இரவு மிஞ்சி அடுப்படியிலேயே கிடந்த சோற்றைக் காலையில் எலுமிச்சை சாதமாக்கிக் கட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். வெளியில் கிடந்த சோற்றில் பெருகும் பாசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மிஞ்சியதை உடனே குளிர்பெட்டியில் வைக்க முடியாவிட்டால் அடுத்த நாள் மதியத்துக்கு அதை நம்பாதீர்கள்.

8. ஊறப்போட மறந்த நாளுக்கு

மாதத்தில் இரண்டு மூன்று நாள் மறக்கத்தான் செய்யும். அன்று கடைக்குப் போகாமல் இருப்பதற்காக அலமாரியில் இரண்டு பொருள்களை எப்போதும் வைத்திருங்கள்.

ஒன்று பருப்புப்பொடி: துவரம் பருப்பு, பொட்டுக்கடலை, வரமிளகாய், பூண்டு, பெருங்காயம், உப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்து அரைத்தது. மூன்று தேக்கரண்டி பொடியும் நல்லெண்ணெயும் சோறும் இரண்டு முட்டைப் பொடிமாஸும் சேர்ந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் நிறைவான பாக்ஸ் ஆகிவிடும்.

மற்றது மீல்மேக்கர். இதில் பாதி எடை புரதம். 25 கிராம் போட்டாலே 12 கிராம் கிடைத்துவிடும். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, நன்றாகப் பிழிந்த பிறகே மசாலாவில் சேருங்கள். பிழியாமல் போட்டால் மசாலா உள்ளே இறங்காது, பச்சை வாடையும் போகாது.

மாலையில் அறைக்குத் திரும்பியதும் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுத்த நாளுக்குரிய பயறுக் குவியலை ஒரு கிண்ணத்தில் போட்டுக் குடிதண்ணீர்க் குடத்தின் பக்கத்திலேயே வையுங்கள். படுக்கும்முன் தண்ணீர் குடிக்கப் போகும்போது அது கண்ணில் படும். அப்போது தண்ணீர் ஊற்றிவிடலாம்.